பொறியியல் கவுன்சிலிங்கும் ஒரு நாற்பது பக்க நோட்டும்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று சாயங்காலமே, பிள்ளையைப் பொறியியலில் சேர்க்க நினைக்கும் பெற்றோர்கள் எங்கள் வீட்டுக் கதவைத் தட்ட ஆரம்பித்துவிடுவார்கள். நான் எந்தக் கல்லூரியிலும் வேலை பார்க்கவில்லை, அட்மிஷன் ஏஜென்ட்டும் இல்லை. ஆறு வருடத்துக்கு முன் என் தம்பி மகனுக்குச் சாய்ஸ் ஃபில்லிங், அதாவது கவுன்சிலிங்கில் எந்தக் கல்லூரி வேண்டும் என்று வரிசையாகப் போடும் வேலை, செய்துகொடுத்ததில் ஒரு தப்பு நடந்தது. அதை எல்லோரிடமும் சொல்லிச் சொல்லியே அருப்புக்கோட்டையில் எங்கள் தெருவுக்குக் கவுன்சிலிங் ஆள் ஆகிவிட்டேன். அது என்ன தப்பு என்பது பின்னால் வரும்.

போன வருடம் வந்தவர் பக்கத்துத் தெரு தறிக்காரர். "அண்ணே, பிள்ளைக்கு எந்தக் காலேஜ் நல்லதுன்னு சொல்லுங்க" என்றார். எல்லோரும் கேட்பது இதைத்தான். இதற்கு மட்டும் என்னிடம் பதில் கிடையாது. இந்த ரேங்க்குக்கு, இந்தப் பிராஞ்சில், இவ்வளவு பணத்துக்குள் எது என்று கேட்டால் கண்டுபிடித்துவிடலாம். ஒரு நாற்பது பக்க நோட்டும் பத்து நாள் பொறுமையும் இருந்தால் போதும்.

முதலில் கணக்கு

கவுன்சிலிங்கில் வரிசைப்படுத்தும் மார்க்குக்குப் பெயர் கட்-ஆஃப், அது 200-க்கு. கணிதம் நூற்றுக்கு அப்படியே, இயற்பியலிலும் வேதியியலிலும் பாதிப் பாதி. தறிக்காரர் மகளுக்குக் கணிதம் 92, இயற்பியல் 84, வேதியியல் 87. ஆக 92, 42, 43.5 சேர்த்து 177.5. தமிழ், ஆங்கில மார்க் இதில் வராது. மொத்தம் 600-க்கு எவ்வளவு என்று உறவினர்கள் விசாரிப்பார்கள், கட்-ஆஃப் கணக்குக்கு அது தேவையில்லை. ஒரே கட்-ஆஃப் பலருக்கு இருந்தால் முதலில் கணித மார்க், அப்புறம் இயற்பியல் என்று பார்த்துக்கொண்டே போவார்கள். எல்லாமே ஒன்றாக இருந்தால்தான் ரேண்டம் நம்பர், அதாவது கணினி குலுக்கிப் போடும் எண். அதனால் ரேண்டம் நம்பர் வெளியாகும் நாளில் 'நமக்குச் சின்ன நம்பர் வந்துவிட்டதே' என்று கவலைப்பட வேண்டியதில்லை.

எந்த வாசல்

ஐஐடி மெட்ராஸ், திருச்சி என்ஐடி போன்றவை ஜேஇஇ நுழைவுத்தேர்வு வழியாக, அகில இந்திய அளவிலான ஜோசா கவுன்சிலிங்கில். விஐடி, எஸ்ஆர்எம், சாஸ்த்ரா, அமிர்தா போன்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தாங்களே தனியாகச் சேர்க்கை நடத்துபவை. அண்ணா பல்கலைக்கழகத் துறைகள், அரசுக் கல்லூரிகள், அரசு உதவி பெறும் கல்லூரிகள், சுயநிதிக் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் எல்லாம் டிஎன்இஏ என்கிற தமிழ்நாட்டின் ஒற்றைச் சாளரக் கவுன்சிலிங்கில் வரும். இதை இப்போது தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. 2018-லிருந்து எல்லாம் ஆன்லைன். அதற்கு முன்பு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ராத்திரி பஸ் ஏறி, கிண்டியில் திரை முன்னால் உட்கார்ந்து, சில நிமிடத்தில் முடிவு சொல்ல வேண்டும். இப்போது வீட்டிலிருந்தே நாள் கணக்கில் யோசிக்கலாம். அந்த வசதியை முழுசாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

சுயநிதிக் கல்லூரிகள் 65 சதவீத இடங்களைக் கவுன்சிலிங்குக்குத் தரும், சிறுபான்மையினர் கல்லூரிகள் 50 சதவீதம். மீதி மேனேஜ்மென்ட் கோட்டா. ரிசல்ட் வந்த வாரமே போன் போட்டு, "சீட் முடிஞ்சிடும் சார், இன்னைக்கே பத்தாயிரம் கட்டி பிளாக் பண்ணிடுங்க" என்பார்கள். ரேங்க் லிஸ்ட் வருவதற்கு முன் யாருக்கும் பணம் கட்டாதீர்கள். கவுன்சிலிங்கில் சாதாரணமாகக் கிடைத்திருக்கக்கூடிய அதே கல்லூரியின் அதே பிராஞ்சுக்கு, பயந்துபோய் மேனேஜ்மென்ட் கோட்டாவில் பணம் கொட்டியவர்கள் எங்கள் தெருவிலேயே மூன்று வீடு.

சான்றிதழ்கள்

சாதிச் சான்றிதழ் இ-சேவையில் எடுத்த டிஜிட்டல் சான்றிதழாக இருக்க வேண்டும். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்றிதழும் உறுதிமொழியும் வாங்கிவையுங்கள். கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தால்தான் அந்தக் கட்டணச் சலுகை, மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு தனியாக உண்டு. அதில் சேர்ந்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அரசே ஏற்கும். இதைப் பற்றித் தெரியாமலே இன்னும் சிலர் வருகிறார்கள். வருமானச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸில் ஜூன் மாதம் கூட்டம் அலைமோதும், மே மாதமே போட்டுவிடுங்கள். விண்ணப்பக் கட்டணம் 500 ரூபாய், எஸ்சி, எஸ்சிஏ (அருந்ததியர்), எஸ்டி பிரிவினருக்கு 250. பதிவு செய்யும் மொபைல் நம்பர் உங்களுடையதாக இருக்கட்டும். பிரௌசிங் சென்டர்காரர் தன் நம்பரைப் போட்டுவிட்டு, ஓடிபி வரும் நேரம் பார்த்து சாப்பிடப் போன கதையும் நடந்திருக்கிறது.

நோட்டை எடுங்கள்

ரேங்க் லிஸ்ட் வந்தபின் கட்-ஆஃபை மறந்துவிட்டு ரேங்க்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். வினாத்தாள் எளிதாக வந்த வருடம் 180 எடுத்தவர்கள் குவிந்துவிடுவார்கள், கடினமாக வந்த வருடம் அதே 180 வெகு முன்னால் இருக்கும். "போன வருஷம் 178-க்குக் கிடைச்சது, நமக்கு 179 இருக்கே" என்று நம்பி ஏமாந்தவர்கள் ஏராளம். போன வருடம் அந்த இடம் எந்த ரேங்க் வரை போனது என்பதுதான் கேள்வி. உங்களுக்குப் பொது ரேங்க் ஒன்று, கம்யூனிட்டி ரேங்க் ஒன்று என இரண்டு இருக்கும். பொதுப் பிரிவில் கிடைக்குமா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் உங்கள் பிரிவில் கிடைக்குமா என்று கணினியே பார்த்துக்கொள்ளும்.

டிஎன்இஏ இணையதளத்தில் முந்தைய வருட ஒதுக்கீட்டு விவரங்கள் கிடைக்கும். அதை வைத்து நோட்டில் கோடு போடுங்கள்: கல்லூரிக் குறியீடு, பெயர், பிராஞ்ச், என் பிரிவில் போன வருடக் கடைசி ரேங்க், வீட்டிலிருந்து பஸ் நேரம், ஒரு வருடச் செலவு. தறிக்காரர் மகள் தானே உட்கார்ந்து நான்கு நாளில் எண்பது வரி எழுதினாள். எழுதி முடித்தபோது அவள் என்னிடம் கேள்வி கேட்பதை நிறுத்தியிருந்தாள். நான்தான் அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு எச்சரிக்கை. 2024-25-லிருந்து, தொழில்நுட்பக் கல்வியை நாடு முழுவதும் ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ இடங்களுக்கான உச்சவரம்பை எடுத்துவிட்டதால், பல கல்லூரிகளில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடங்கள் கூடிவிட்டன. அந்தப் பிராஞ்சில் பழைய கடைசி ரேங்க்கை அப்படியே நம்ப முடியாது, இந்த வருடம் இன்னும் பின்னால் போகலாம். அதே கல்லூரியில் ஆசிரியர்கள் அதே வேகத்தில் கூடினார்களா என்பதையும் கேட்டுப் பாருங்கள்.

'அண்ணா யுனிவர்சிட்டி' என்ற பெயர்

எங்கள் ஊரில் எந்தப் பொறியியல் கல்லூரியில் படித்தாலும் "பையன் அண்ணா யுனிவர்சிட்டியில படிக்கிறான்" என்பார்கள். பொய் என்று சொல்ல முடியாது, பட்டத்தில் அப்படித்தான் இருக்கும். ஆனால் பல்கலைக்கழகத்தின் சொந்த வளாகங்கள் வேறு. 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரி, அதே வளாகத்தில் ஏ.சி. டெக், 1949-ல் தொடங்கிய குரோம்பேட்டை எம்ஐடி ஆகியவைதான் முதலில் நிரம்பும். மதுரை, கோவை, திருநெல்வேலியில் மண்டல வளாகங்கள். ராமநாதபுரம், திண்டுக்கல், நாகர்கோவில் போன்ற ஊர்களில் உறுப்புக் கல்லூரிகள். கட்டணம் குறைவு என்பதால் நடுத்தர ரேங்க் உள்ளவர்கள் இந்த உறுப்புக் கல்லூரிகளை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம். மற்ற நூற்றுக்கணக்கான கல்லூரிகள் இணைப்புப் பெற்றவை.

அரசுக் கல்லூரிகளில் கோவை ஜிசிடி, காரைக்குடி அழகப்பச் செட்டியார், சேலம், திருநெல்வேலி, பர்கூர் ஆகியவை தெரிந்த பெயர்கள். கோவை பிஎஸ்ஜி டெக், சிஐடி, மதுரை தியாகராஜர் போன்றவை அரசு உதவி பெறுபவை. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. கல்லூரிக்கு உதவி இருந்தாலும் எல்லாப் பிராஞ்சுக்கும் உதவி கிடையாது. பட்டியலில் பிராஞ்ச் பெயருக்குப் பின்னால் எஸ்.எஸ். என்று இருந்தால் அது சுயநிதிப் பிரிவு. கட்டிடமும் ஆசிரியர்களும் ஒன்றாகவே இருக்கலாம், கட்டணம் பல மடங்கு வேறுபடும்.

பிராஞ்சா, கல்லூரியா?

பிள்ளைக்குப் பிடித்தது நிச்சயமாகத் தெரிந்தால் பிராஞ்ச். தெரியாது என்றால், அதாவது பெரும்பாலான பதினேழு வயதுப் பிள்ளைகளின் நிலைமை, கொஞ்சம் நல்ல கல்லூரியில் அடிப்படையான ஒரு பிராஞ்ச். இது என் கட்சி, மறுப்பவர்கள் உண்டு.

ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ், சைபர் செக்யூரிட்டி, கம்ப்யூட்டர் சயின்ஸ் அண்ட் பிசினஸ் சிஸ்டம்ஸ் என்று புதுப் பெயர்கள் நிறைய. முதல் இரண்டு வருடப் பாடத்திட்டத்தை வரிசையாக வைத்துப் பாருங்கள். டேட்டா ஸ்ட்ரக்சர், ஆபரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ் என்று பாதிக்கு மேல் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான். ஐ.டி. வேலைக்குப் பெயர் வேறுபாடு பெரிதில்லை. அரசு வேலையில் கனவு இருந்தால் நிலைமை வேறு. டிஎன்பிஎஸ்சி உதவிப் பொறியாளர் தேர்வுக்கு சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் என்று பட்டத்தின் பெயரைக் குறிப்பிட்டே கேட்பார்கள். கேட்காத பெயரில் பட்டம் வைத்திருந்தால், அது இதற்குச் சமம் என்று அரசாணை காட்ட வேண்டிவரும். தறிக்காரர் மகளுக்கு மின்வாரியத்தில் சேர வேண்டும் என்று ஆசை. அதனால் டிரிபிள் ஈ (எலக்ட்ரிக்கல்) முதலில், ஈசிஈ (எலக்ட்ரானிக்ஸ்) இரண்டாவது என்று அவளே தீர்மானித்தாள். அவளுடைய அத்தை மட்டும் இன்னும் "பொம்பளப் பிள்ளைக்கு கம்ப்யூட்டர்தான்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

காகிதத்தில் பார்க்க வேண்டியவை

தர அங்கீகாரம் இரண்டு வகை: நாக் (NAAC) அமைப்பு கல்லூரி முழுவதற்கும் தருவது, என்பிஏ (NBA) அமைப்பு தனித்தனி பிராஞ்சுக்குத் தருவது. வாசல் வளைவில் 'என்பிஏ அங்கீகாரம்' என்று எழுதியிருந்தால் உங்கள் பிராஞ்சுக்கு உண்டா, எந்த வருடம் வரை என்று கேளுங்கள். தன்னாட்சி பெறாத கல்லூரிகளின் தேர்ச்சி சதவீதத்தை அண்ணா பல்கலைக்கழகம் செமஸ்டர்தோறும் வெளியிடுகிறது. இரண்டு மூன்று செமஸ்டரைச் சேர்த்துப் பாருங்கள். தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே வினாத்தாள் எடுத்துத் தாங்களே திருத்துவதால் அந்தப் பட்டியலில் வராது, அவர்களின் 95 சதவீதத்தை இதோடு ஒப்பிடவும் கூடாது.

எனக்கு மிகவும் பிடித்த காகிதம் வேறொன்று. மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசைக்கு ஒவ்வொரு கல்லூரியும் ஒரு விவர அறிக்கை கொடுக்கும், அது கல்லூரியின் இணையதளத்திலேயே ஒரு மூலையில் கிடக்கும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் குறித்த காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, நடுச் சம்பளம் எவ்வளவு என்பது எல்லாம் அதில் இருக்கும். நடுச் சம்பளம் என்றால் வேலை கிடைத்தவர்களைக் குறைந்த சம்பளத்திலிருந்து கூடுதல் சம்பளம் வரை வரிசையாக நிற்க வைத்தால் சரியாக நடுவில் நிற்பவர் வாங்குவது. பிளக்ஸில் கோட் போட்டுச் சிரிக்கும் பையனின் சம்பளம் அந்த வரிசையின் கடைசி ஆளுடையது. பிளக்ஸையும் இந்த அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அன்றைக்கே பாதி லிஸ்ட் அடிபட்டுவிடும். ஒரே பிள்ளைக்கு மூன்று நிறுவனங்கள் வேலை கொடுத்தால் அதை மூன்றாக எண்ணுகிற வழக்கமும் உண்டு, 'எத்தனை ஆஃபர்' என்று கேட்காமல் 'எத்தனை பேர்' என்று கேளுங்கள்.

நேரில் போங்கள், புதன்கிழமையில்

சனிக்கிழமை போனால் கல்லூரி உங்களுக்காகத் தயாராக இருக்கும். நானும் தறிக்காரரும் ஒரு புதன்கிழமை, மதுரைப் பக்கம் ஒரு கல்லூரிக்குப் போனோம். அட்மிஷன் ஆபீஸில் ஏசி, ஜூஸ், வழவழப்பான கையேடு. லேப் பார்க்க வேண்டும் என்றதும் ஒருவர் சாவி தேடப் போனார். இருபது நிமிடம் கழித்துத் திறந்த எலக்ட்ரிக்கல் மெஷின்ஸ் லேபில் மோட்டார்கள் வரிசையாக இருந்தன, பெயின்ட் புதிதாக இருந்தது. தறிக்காரர் இருபது வருடமாகத் தறி மோட்டார் ஓட்டுகிறவர். குனிந்து ஒரு மோட்டாரின் இணைப்புப் பெட்டியைப் பார்த்துவிட்டு என் காதில் சொன்னார்: "அண்ணே, இதுல வயர் மாட்டின தடமே இல்ல." அந்தக் கல்லூரி நோட்டில் முப்பது வரி கீழே இறங்கியது.

இன்னொரு கல்லூரியில் சுவர் காரை பெயர்ந்திருந்தது. ஆனால் லேப் மேசையில் கரிக்கறை, ரெக்கார்டு நோட்டில் சிவப்பு மை, பையன்கள் மீட்டரைச் சுற்றி நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அது மேலே ஏறியது.

ஆபீஸில் கேட்பதைவிட, சாயங்காலம் பஸ் நிற்கிற இடத்தில் மூன்றாம் வருடப் பிள்ளைகளிடம் கேளுங்கள். 'காலேஜ் எப்படி' என்று கேட்டால் எல்லோரும் "நல்லாருக்கு அங்கிள்" என்றுதான் சொல்வார்கள். நான் கேட்பது இவ்வளவுதான்: இந்த செமஸ்டரில் எத்தனை ஆசிரியர் மாறினார்கள்? ஹெச்ஓடி (துறைத் தலைவர்) எத்தனை வருடமாக இருக்கிறார்? உங்கள் வகுப்பில் அரியர் இல்லாதவர்கள் எத்தனை பேர்? ஒரு பெண் விரல் விட்டு எண்ணி, "சர்க்யூட் தியரிக்கு மட்டும் மூணு பேர் மாறிட்டாங்க அங்கிள்" என்றாள். ஒரே ஆசிரியரின் பெயர் பல கல்லூரிகளின் கணக்கில் இருந்த விவகாரம் 2024-ல் வெளியே வந்த பிறகு, இணையதளத்தில் உள்ள ஆசிரியர் பட்டியலிலிருந்து இரண்டு பெயரைச் சொல்லி 'இவர் வகுப்பு எடுக்கிறாரா' என்றும் கேட்கிறேன்.

அரியர் கேள்வி முக்கியம். வளாகத் தேர்வுக்கு வரும் பல ஐ.டி. நிறுவனங்கள் பத்தாம் வகுப்பிலிருந்து 60 சதவீதம், நிலுவையில் அரியர் இல்லாமை என்று வாசலிலேயே வடிகட்டும். வகுப்பில் பாதிப் பேருக்கு அரியர் என்றால் நிறுவனம் வந்தும் அந்தப் பாதிக்குப் பலன் இல்லை.

கல்லூரி பஸ் எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நாலு இருபதுக்குப் பஸ் என்றால், நூலகம் எட்டு மணி வரை திறந்திருந்தாலும் உங்கள் பிள்ளைக்கு அது நாலு மணிக்கு மூடியதுதான்.

பணம்

கட்டண நிர்ணயக் குழு 2017-ல் சுயநிதிக் கல்லூரிகளின் கவுன்சிலிங் இடத்துக்கு வருடத்துக்கு 50,000 ரூபாய், அங்கீகாரம் பெற்ற பிராஞ்சுக்கு 55,000 ரூபாய் என்று வைத்தது. மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு 85,000, 87,000. உங்கள் வருடத்துக்கான தொகையைச் சேருமுன் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இதற்கு வெளியே பஸ், ஹாஸ்டல், சீருடை, புத்தகம், 'பிளேஸ்மென்ட் டிரெய்னிங்' என்று ஒரு பட்டியல் வரும். என் தம்பி மகன் சேர்ந்த கல்லூரியில் டிரெய்னிங் கட்டணத்தை முதல் நாள்தான் சொன்னார்கள். அன்று கையில் பணம் இல்லாமல் தம்பி கல்லூரி வாசலில் நின்று எனக்குப் போன் செய்தான். அதனால் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு எவ்வளவு என்று கேட்டு, அந்தத் தொகையைக் கல்லூரித் தாளிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் அதுவும் ஒரு பதில்தான்.

லிஸ்ட் போடுதல்

இப்போது அந்தத் தப்பு. தம்பி மகனுக்கு மிகவும் பிடித்த ஒரு கல்லூரி இருந்தது. 'நம்ம ரேங்க்குக்கு இது எங்கே கிடைக்கப்போகுது' என்று நானே முடிவு செய்து, கிடைக்கும் என்று தோன்றியதை ஒன்றாவதாகவும் பிடித்ததை ஐந்தாவதாகவும் போட்டேன். ஒன்றாவது கிடைத்தது. அந்த வருடம் பிடித்த கல்லூரியில் கடைசியாக இடம் வாங்கியவரின் ரேங்க், இவனைவிட முந்நூறு பின்னால்.

கணினி உங்கள் லிஸ்ட்டை மேலிருந்து கீழாகப் பார்க்கும். உங்கள் முறை வரும்போது காலியாக உள்ள முதல் இடத்தைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். மேலே பேராசைப்பட்டுப் பத்து கல்லூரி போட்டதற்காகக் கீழே உள்ளது கைவிட்டுப் போகாது. ஆகவே ஆசை வரிசையில் போடுங்கள். எண்ணிக்கைக்கு வரம்பு கிடையாது. போன வருடக் கடைசி ரேங்க் உங்களைவிடக் கொஞ்சம் முன்னால் உள்ளவை மேலே, உங்களை ஒட்டியவை நடுவில், நிச்சயம் கிடைக்கக்கூடியவை கடைசியில், குறைந்தது இருபது. கிடைத்தாலும் சேர மாட்டோம் என்கிற கல்லூரியை லிஸ்ட்டில் சேர்க்கவே வேண்டாம்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் குறித்த நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். கிடைத்ததே போதும் என்றால் ஏற்றுச் சேரலாம். இதை வைத்துக்கொண்டு மேலே உள்ளது காலியானால் மாற்றித் தாருங்கள் என்றும் கேட்கலாம், இதைத்தான் 'அப்வேர்ட்' என்கிறார்கள். இது வேண்டாம், மேலே உள்ளது கிடைத்தால் மட்டும் போதும் என்றும் சொல்லலாம், அடுத்த சுற்றுக்குப் போகலாம், அல்லது விலகிக்கொள்ளலாம். அப்வேர்ட் கொடுத்து மேலே உள்ளது கிடைத்துவிட்டால் பழைய இடம் தானாகப் போய்விடும், திரும்ப வராது. ஏற்றுச் சேர்ந்தவர்கள் கல்லூரிக்கு நேரிலும், அப்வேர்ட் கொடுத்தவர்கள் உதவி மையத்திலும் குறித்த நாளுக்குள் பணம் கட்ட வேண்டும். நாள் தவறினால் இடம் ரத்து. எங்கள் பக்கம் கரண்ட் போகும் நேரம் தெரியும் என்பதால், கடைசி நாள் சாயங்காலம் வரை எதையும் தள்ளிப்போடாதீர்கள் என்று நான் கெஞ்சுவேன்.

சேரும் நாளில் மார்க் ஷீட், டிசி எல்லாவற்றையும் நான்கைந்து பிரதி எடுத்துவிட்டுக் கொண்டுபோங்கள். சரிபார்த்தபின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது ஏஐசிடிஇ விதி. வைத்துக்கொள்வோம் என்றால் ரசீது கேளுங்கள்.

தறிக்காரர் மகளுக்கு முதலில் லிஸ்ட்டில் பதினொன்றாவது கிடைத்தது. அப்வேர்ட் கொடுத்தாள், ஏழாவதுக்கு மாறியது. டிரிபிள் ஈ, காரை பெயர்ந்த அந்தக் கல்லூரி. காலையில் ஆறு ஐம்பது பஸ்ஸுக்கு ஓடுகிறாள். நோட்டு இந்த வருடம் எதிர் வீட்டுப் பையனிடம் இருக்கிறது, பழைய ரேங்க்குகளை அடித்துவிட்டுப் பக்கத்தில் புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறான்.